மாத்தளை வழியில் வந்தவர்களும் தங்கியவர்களும்

கண்டி மாநகரிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்படும் பெருந்தெரு, மலைகளையும் காடுகளையும் கடந்து யாழ்ப்பாணம் வரை செல்கின்றது. ஏ-9 என்று இலக்கமிடப்பட்டுள்ள அத்தெருவில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரம் பிரயாணஞ் செய்தால் மாத்தளை நகரை அடையலாம். கண்டியைக் காண வருவோர் பலர். அங்கிருந்து சிகிரியாக் குன்றையும் தம்புள்ளைக் குகைக் கோவில்களையும் நாடிச் செல்வோரும் பலர். அவ்விரு தலங்களும் மாத்தளை மாவட்டத்திலேயே உள்ளன. எனினும், மாவட்டத்தின் தலைநகராகிய மாத்தளையில் வண்டியை நிறுத்தி இறங்கி நடப்போர் மிகச் சிலரே.

இறங்கி நடப்பவர்க்கு இந்நகர் நல்விருந்தளிக்கும். சுற்றுப்புறத் தோட்டங்களில் மிளகுக் கொடிகள் மரங்களைத் தழுவி ஏறியிருக்கும். சாதிக்காயும் கிராம்பும் கொக்கோவும் ஏலமும் இம்மண்ணில் செழித்து வளர்வன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் போர்த்து நிற்கும். நகரின் நடுவே 108 அடி உயரமுள்ள இராஜகோபுரத்துடன் முத்துமாரியம்மன் கோவில் விளங்குகின்றது. மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது தோட்டங்களிலிருந்து திரண்டு வரும் மக்கள் கூட்டத்தைக் கண்டால், இந்நகரைக் கட்டியெழுப்பிய கரங்கள் யாருடையவை என்பது தானே விளங்கும்.

இவ்வூரில் பள்ளி விடுமுறைக் காலமொன்றில் பத்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லமொன்றில் மாலை வேளைகளில் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் நண்பரொருவர் என்னை அழைத்திருந்தார். கடல் கடந்த நாடுகளிலிருந்து இளைஞரும் யுவதிகளும் தொண்டாற்ற அங்கு வருவதாகவும், நான் நேரில் கண்டு என் மாணாக்கர்க்கு எடுத்துரைக்க வேண்டுமென்றும் அவர் எழுதியிருந்தார். கண்டேன், அதனை இங்கே எடுத்துரைக்கின்றேன். ஆயினும், அதற்கு முன்னர் மாத்தளைக்கு வந்து சேர்ந்த அந்தத் தெருவின் பழைய கதையைக் கூறுதல் அவசியமாகும்.

வடபாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் கோப்பிப் பயிர் பரவியது. வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டுத் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து அநுராதபுரக் காடுகள், தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து மாத்தளையை அடைந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட மைல் தூரம். கோடையில் குளங்கள் வற்றிய வறண்ட காடு. அதில் வாந்திபேதியும் காய்ச்சலும். வழியில் நோயுற்றவர் பலர் வழியிலேயே விடப்பட்டனர். 1849ஆம் ஆண்டில் கொழும்புப் பத்திரிகையொன்று, அந்தத் தசாப்தத்தில் மாண்ட தொழிலாளர் தொகை 70,000 என்று மதிப்பிட்டெழுதியது. அக்கணக்கு மிகையென்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். ஆனால் அப்பாதை பல்லாயிரவரைப் பலி கொண்டதென்பதை மறுப்பாரில்லை.

முதலில் வந்தோர் பெரும்பாலும் ஆடவர். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலத்தில் குடும்பங்களாக வந்தனர். குடும்பம் வந்தால் குழந்தை வரும்; தாய் தந்தையர் வழியில் மடிந்தால் குழந்தை அநாதையாகும். மாத்தளை மண்ணில் ‘தாயில்லாப் பிள்ளை’ என்ற சொல் இன்று நேற்றுப் பிறந்ததன்று. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்து அரசாங்கம் 1872ஆம் ஆண்டில் சட்டமியற்றியது. 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது. அந்நூற்றாண்டு முடியும் காலத்தில் வடபாதை நடை முடிவுற்றது.

இன்று நிலைமை வேறு. 1951ஆம் ஆண்டு முதல் இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட மலேரியாக் காய்ச்சல் முற்றாக ஒழிக்கப்பட்டதென்று 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒரு சிறிய நாட்டிற்கு இவை பெருமை தரும் சாதனைகள். அப்படியாயின், ஆதரவற்ற ஒரு பிள்ளை வைத்தியம் பெறுவதில் இன்னும் என்ன தடை இருக்கின்றது? இக்கேள்வியுடனேயே நான் அவ்வில்லத்தின் படியேறினேன்.

மூன்று கிழமைக்கு ஒரு முறை

இல்லம் நகருக்குச் சற்று அப்பால், இரப்பர் மரங்களுக்கிடையே இருந்தது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாக முப்பது பேர் வரையில் இருந்தனர். அவர்களைப் பராமரிக்கும் அம்மையாரைப் பிள்ளைகள் ‘பெரியம்மா’ என்றே அழைத்தனர். அநாதைகள் என்று ஊரார் கூறினாலும், தாய் தந்தை இருவரையும் இழந்தவர் அவர்களுள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பெரும்பாலோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருக்கின்றார். ஒருத்தியின் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணி செய்கின்றாள். அங்கே அவள் பிறர் பிள்ளைக்குச் சோறூட்டுகின்றாள். இங்கே அவள் பிள்ளைக்குச் சோறூட்ட வேற்று நாட்டார் வருகின்றனர்.

மறுநாள் விடியுமுன்னரே பெரியம்மா பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். அச்சிறுவனுக்கு வந்திருந்தது, ருமாட்டிக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் கூறும் வாதக் காய்ச்சல். தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் இந்நோய், தக்க மருந்து பெறாவிடின் சில கிழமைகளின் பின்னர் மூட்டுக்களையும் இருதயத்தையும் தாக்கும். மூட்டு வீக்கம் தானே வற்றிவிடும். இருதயத்தின் வால்வுகளில் ஏற்பட்ட பழுதோ நிலைத்து விடக்கூடும். நோய் மீண்டும் வரும் ஒவ்வொரு முறையும் பழுது பெருகும். அதைத் தடுப்பதற்குப் பென்சிலின் ஊசியே சிறந்த வழி. மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு முறை, ஆண்டுக்கணக்கில், தவறாமல் போட வேண்டும். இருதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது பத்து ஆண்டுகளோ, 21 வயது வரையிலோ, இவற்றுள் எது நீண்டதோ அதுவரையேனும் தொடர வேண்டுமென்பர்.

இலக்கத் துண்டு பெற்று வாங்கில் அமர்ந்திருந்தோம். “ஊசி வலிக்குமா, தம்பி?” என்று கேட்டேன்.

“வலிக்குங்க, சேர். பெரியம்மா கையப் புடிச்சிக்குவாங்க” என்றான்.

வைத்தியர் சிங்களத்தில் வினவினார். பெரியம்மா சிங்களத்திலேயே விடையளித்தார். சென்ற முறை எப்போது வந்தது, இடையில் காய்ச்சல் இருந்ததா, ஓடியாடும்போது மூச்சு வாங்குகின்றதா, முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் உடல் தடித்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் தம் பையிலிருந்த கொப்பியைப் பார்த்தும் நினைவிலிருந்தும் அவர் விடை கூறினார். வேறு பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மாரும் அதையே செய்துகொண்டிருந்தனர். என் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. வைத்தியசாலை இருக்கின்றது, மருந்து இருக்கின்றது, கட்டணமும் இல்லை. ஆனால், பிள்ளையின் உடலைப் பற்றிய சரித்திரம் ஒரு தாயின் நெஞ்சில் இருக்கின்றது. பிறந்தபோது எத்தனை இறாத்தல், எந்தத் தடுப்பூசி போட்டது, எந்த வயதில் வலிப்பு வந்தது என்பனவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தாயை இழந்த பிள்ளை அந்தச் சரித்திரத்தையும் சேர்த்தே இழக்கின்றது. சத்திர சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிடவும், இரவில் கட்டிலருகே இருக்கவும் உரிய ஆளைத் தேட வேண்டியிருக்கின்றது. சிலரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கூட இருப்பதில்லை.

திரும்பி வரும்போது பஸ் வண்டியில் பெரியம்மா ஒரு கணக்குக் கூறினார். “வெளிநாட்டுப் பிள்ளைகள் நல்லவர்கள், சேர். அன்பாகப் பழகுகிறார்கள். ஆனால் ஆறு கிழமைக்குத்தான் வருகிறார்கள். ஆறு கிழமையில் இவனுக்கு இரண்டு ஊசி. வருஷத்துக்குப் பதினேழு. பத்து வருஷத்துக்கு எத்தனை என்று நீங்களே பாருங்கள்.”

நூற்றெழுபதுக்கு மேல். அதுமட்டுமன்று. பதினெட்டு வயதில் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். ஊசியோ அதன் பின்னும் தொடர வேண்டும். கொழும்பில் ஒரு கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலைக்குப் போகும் இளைஞனை மூன்று கிழமைக்கு ஒரு முறை யார் நினைவூட்டி அனுப்புவார்? அவர் நெஞ்சில் கிடந்த கவலை அதுவே.

தொண்டரும் வாணிபமும்

அப்போது அவ்வில்லத்தில் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்த இருவர் இருந்தனர். கல்லூரிப் படிப்புக்கும் தொழிலுக்கும் இடையில் சில மாதங்களை நற்பணியில் கழிக்க வேண்டுமென்று தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு வந்தவர்கள். அவர்களது நல்லெண்ணத்தை ஐயுறுதல் தகாது. பிள்ளைகளுடன் பந்தாடினர், சுவர்களுக்கு வர்ணம் பூசினர், கிழமை முடிவில் சிகிரியாவுக்குச் சென்று வந்தனர். அவர்களுக்குத் தமிழுந் தெரியாது, சிங்களமுந் தெரியாது. சிறிய பிள்ளைகள் முதல் நாளிலேயே ஓடிச்சென்று அவர்கள் மடியில் ஏறினர். முன்பின் அறியாதவர் மடியில் ஒரு குழந்தை இவ்வளவு விரைவில் ஏறுவது நமக்கு இனிய காட்சியாகத் தோன்றலாம். குழந்தை மனத்தை ஆராய்ந்தோர் அதைப் பிரிந்து பிரிந்து பழகிய மனத்தின் அடையாளம் என்பர். ஒவ்வொரு தொண்டர் விடைபெறும்போதும் அக்குழந்தை மற்றுமொரு முறை கைவிடப்படுகின்றது.

இது மாத்தளைக்கு மட்டும் உரிய சங்கதியன்று. உலகெங்கும் உள்ள இத்தகைய இல்லங்களிலுள்ள பிள்ளைகளுள் ஐவரில் நால்வர்க்கேனும் பெற்றோருள் ஒருவராவது உயிருடன் இருப்பதாகச் ‘சேவ் த சில்ட்ரன்’ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. வறுமையே அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்க்கின்றது. தொண்டு செய்ய வருவோர் பணங் கொண்டு வருகின்றனர் என்று கண்ட சிலர், சில நாடுகளில், தாய் தந்தையருள்ள பிள்ளைகளைத் திரட்டி வந்து அநாதைகளாகக் காட்டி இல்லங்களை நடத்தலாயினர். 2018ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கெதிராகச் சட்டம் இயற்றுமுன் நடத்திய விசாரணையில் இக்கொடுமையும் ஆராயப்பட்டது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, பெற்றோர் பராமரிப்பை இழந்த சிறுவர் பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களை நாடும் சுற்றுலாத் தொண்டினால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளை வேண்டிக்கொண்டது.

இலங்கையில் இல்லங்களைப் பதிவு செய்வதற்கு 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. 1998ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் அமைக்கப்பட்டது. பதிவில்லாத இல்லத்திற்கு, வருவோர் யாரென்று விசாரியாமல் எவரையும் பிள்ளைகளிடம் அனுப்பும் இல்லத்திற்கு, உதவுவது புண்ணியமாகாது.

தங்கியவர்கள்

அப்படியாயின் கடல் கடந்து வந்து செய்யும் தொண்டே வேண்டாததா? அவ்வாறு கூறிவிட முடியாது. இதே மாத்தளை வழி அதற்கு மறுமொழி சொல்லும்.

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் கண்டியிலிருந்து புகையிரதத்தில் மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்தமையால் வழியோரத்தில் நெடுநேரம் காத்திருந்து, பின்னர் மாட்டு வண்டியில் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று. தொழிலாளர் தெற்கு நோக்கி நடந்து வந்த வழியில் அவர் வடக்கு நோக்கிச் சென்றார். அதே ஆண்டில் அவருடைய குருபாயாகிய சுவாமி அகண்டானந்தர் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடிய மக்களைக் கண்டு, மேலே செல்ல மனமின்றி அங்கேயே நின்றுவிட்டார். பஞ்சத்தில் தனித்துவிடப்பட்ட சிறுவர்களைச் சேர்த்து ஓர் இல்லம் அமைத்தார். இமயமும் திபெத்தும் சுற்றித் திரிந்த அத்துறவி, 1937ஆம் ஆண்டில் மறையும் வரை அம்மாவட்டத்துப் பணியை விடவில்லை.

மாத்தளை வழியின் வடமுனையாகிய யாழ்ப்பாணத்தில், விவேகானந்தர் சென்றதற்கு முந்திய ஆண்டாகிய 1896இல், கனடா நாட்டிலிருந்து இளம் பெண் வைத்தியர் ஒருவர் இணுவில் மிஷன் வைத்தியசாலைக்கு வந்திருந்தார். அவர் ஒரு தமிழரை மணந்து, டாக்டர் மேரி இரத்தினம் என்ற பெயருடன் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியஞ் செய்ததோடு நில்லாமல், 1930ஆம் ஆண்டில் கிராமப் பெண்களுக்கென இலங்கை மகிளா சமித்தியையும் தொடக்கி வைத்தார். தாயின் அறிவு வளர்ந்தாலன்றிப் பிள்ளை நோயின்றி வளராதென்பதை அவர் உணர்ந்திருந்தார். 1958ஆம் ஆண்டில் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் இம்மண்ணிலேயே மறைந்தார். வந்தது தொண்டராக, வாழ்ந்தது ஊரவராக.

எல்லாரும் அறுபது ஆண்டுகள் தங்க இயலாது. ஆறு கிழமைக்கு மட்டும் வரக்கூடியவர் யாது செய்யலாம் என்பதற்கும் அவ்வில்லத்திலேயே ஒரு விடை கண்டேன். பெரியம்மாவின் பையிலிருந்த கொப்பியைப் பற்றி முன்னர் கூறினேனல்லவா? சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த வெளிநாட்டுத் தாதி ஒருத்தி விட்டுச்சென்ற கொடை அது. அவள் பிள்ளைகளுடன் விளையாடுவதில் காலத்தைக் கழிக்காமல், பெரியம்மாவுடன் அமர்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி ஏற்படுத்தினாள். கிளினிக் துண்டுகளையும் தடுப்பூசி அட்டைகளையும் தேடியெடுத்து ஒழுங்குபடுத்தினாள். உறவினரிடம் விசாரித்துக் குடும்ப நோய்களைக் குறித்தாள். நண்பர் அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் செவியையும் பரிசோதிக்க அவள் ஏற்பாடு செய்தபோது, செவியில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்திருந்த சிறுமி ஒருத்தியைக் கண்டுபிடித்தனர். அதுவரை அவளைப் படிப்பில் மந்தம் என்றே எண்ணியிருந்தனர். என்னைப் போன்ற ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அத்தாதி போய்விட்டாள். அவள் முகம் பிள்ளைகளுக்கு நினைவில்லை. கொப்பிகள் இருக்கின்றன.

ஏட்டில் எழுதிய இடம்

மாத்தளைக்கு வடக்கே 3 கிலோமீற்றர் தூரத்தில் அளுவிகாரை என்னும் குகை விகாரை இருக்கின்றது. பெரும் பாறைகள் பிளந்து நிற்கும் இடைவெளிகளில் குகைகள் அமைந்துள்ளன. அதுகாறும் பிக்குகள் வாய்மொழியாகவே காத்து வந்த பௌத்த ஆகமங்கள், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், ஓலை ஏடுகளில் எழுதப்பட்டது இங்கேதான் என்பர். போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. மனப்பாடமாக அறிந்தவர்கள் மடிந்தால் அவர்களோடு அறிவும் மடியும் என்று அஞ்சியே அவர்கள் எழுத்தாணியை எடுத்தனர். அப்பாறை நிழலில் நின்றபோது எனக்குப் பெரியம்மாவின் கொப்பிகள் நினைவுக்கு வந்தன. பெரியம்மாவுக்கும் வயதாகின்றது. அவருக்குப் பின் வருபவர் அக்கொப்பிகளைத் திறந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் ஊசி என்று அறிந்துகொள்ளலாம்.

இதனைப் படிக்கும் குடும்பத்தினர்க்கும் மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் பலர் விடுமுறையில் ஊர் வரும்போது, சிறுவர் இல்லமொன்றில் ஒரு நாள் சோறு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு செல்கின்றனர். நல்ல மனத்துடன் செய்வதே. ஆயினும், அடுத்த முறை செல்லுமுன் அங்கு பொறுப்பாயிருப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தவறாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை அழைத்துச் செல்வதில் என்ன இடையூறு? பஸ் கட்டணமா, மூக்குக் கண்ணாடியா, வாகனமா, இரவில் வார்ட்டில் துணையிருக்க ஓர் ஆளா என்பதை அவர் கூறுவார். அந்த ஒன்றை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். தாயோ பாட்டியோ இருந்து, வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட்டிருந்தால், அப்பிள்ளை வீட்டிலேயே வளர வழியுண்டா என்றும் விசாரியுங்கள். இல்லத்திற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அக்குடும்பத்தின் அடுப்பை எரிக்குமானால், அதுவே உயர்ந்த தொண்டு.

மாணாக்கர் செய்யத்தக்கதும் உண்டு. மாத்தளையில் சிங்களமும் தமிழும் நன்கறிந்த ஒரு மாணவன், மாதத்தில் ஒரு காலை, கிளினிக் வாங்கில் ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து மொழிபெயர்த்து உதவினால், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த எவரும் செய்ய இயலாத பணியைச் செய்தவனாவான்.

நான் புறப்பட்ட அன்று அச்சிறுவனின் கொப்பியில் அடுத்த ஊசிக்குரிய தேதியைப் பெரியம்மா குறித்துவைத்திருந்தார். அதன் கீழே, அவனுக்குப் பதினெட்டு வயதாகும் ஆண்டை எழுதி, அதன் எதிரே ‘யார் பொறுப்பு?’ என்று ஒரு வினாவும் எழுதியிருந்தார். அந்த வினாவின் அருகே என் நண்பர் தம் பெயரை எழுதினார்.